இணைப்பகத்தின் பேக்கப் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வடகிழக்குப் பருவமழைக்கான முன்னெச்சரிக்கைச் செய்திகளைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. வாய்க்கால் தூர்வாருவது, சாய்ந்த மின்கம்பங்களை மாற்றுவது, மருத்துவமனைகளில் ஜெனரேட்டருக்கு டீசல் இருப்பு வைப்பது என எல்லாம் அவற்றில் இடம்பெறுகின்றன. ஆனால், எழுத்தில் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்றும் பேச்சில் 'இன்டர்காம் பெட்டி' என்றும் நாம் சொல்லும் நிறுவனங்களின் உள் தொலைபேசி இணைப்பகத்தைப் பற்றி ஒரு வரியும் வந்து நான் பார்த்ததில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் உள்ள மருத்துவமனைகள், நூற்பாலைகள், தங்கும் விடுதிகள், கல்லூரிகள் ஆகியவற்றில் இந்த இணைப்பகங்களை நிறுவிப் பராமரிக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையில், அந்த விடுபாடு பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாத இரவு ஒன்றில் எங்கள் பகுதியிலுள்ள நடுத்தர மருத்துவமனை ஒன்றின் அருகே இடி விழுந்தது. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த செவிலியர் விடுதிக்கு, சாலையின் மேலாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோயிருந்த தொலைபேசி கேபிள் வழியாக மின்னல் பாய்ச்சல் உள்ளே வந்து, இணைப்பகத்தின் மூளையான சி.பி.யு. கார்டை எரித்துவிட்டது. மறுநாள் மாலை மதுரையிலிருந்து மாற்றுக் கார்டு வந்தது. பொருத்தியதும் விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன, எந்த ஃபோனை எடுத்தாலும் டயல் டோன் வந்தது. வேலை முடிந்தது என்று நிர்வாகத்தினர் நினைத்தார்கள். ஆனால், புதிய கார்டுக்கு அந்த மருத்துவமனையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தொழிற்சாலையில் வைத்தபடி முதல் போர்ட்டுக்கு, அதாவது ஒரு ஃபோனின் கம்பி வந்து சேரும் முனைக்கு, 201, அடுத்ததற்கு 202 என்று அது வரிசையாக எண் கொடுத்துக்கொண்டு போயிருந்தது. ஊழியர்கள் மனப்பாடமாக வைத்திருந்த அவசரப் பிரிவின் 100 என்ற எண் எங்கும் இல்லை. வெளியிலிருந்து வந்த அழைப்புகள் எல்லாம், முதல் போர்ட்டில் இணைந்திருந்த ஒரே காரணத்தால், கேன்டீனில் ஒலித்தன. மயக்க மருந்து மருத்துவரை அழைப்பதற்காகப் பிரசவ வார்டுச் செவிலியர் ஒருவர் மூன்று மாடி இறங்கி ஓடி வந்ததை அன்று இரவு நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன்.

பேக்கப், அதாவது இணைப்பகத்தில் பதிந்திருந்த விவரங்களின் நகல், இருக்கிறதா என்று கேட்டபோது கணக்கர் தம் பீரோவிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்துக் கொடுத்தார். இணைப்பகம் நிறுவப்பட்ட ஆண்டில் எழுதியது. அதற்குப் பிறகு இரண்டு வார்டுகள் புதிதாக வந்திருந்தன, இணைப்பகத்தின் மென்பொருளும் ஒருமுறை மாற்றப்பட்டிருந்தது. பழைய பதிப்பில் எடுத்த கோப்பைப் புதிய பதிப்பு ஏற்கவில்லை. எந்த போர்ட்டின் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்ற அட்டவணையும் இல்லாததால், மூன்று பேர், கம்பியில் ஒலி அனுப்பி அதை அடையாளம் காண உதவும் டோன் ஜெனரேட்டரையும் சோதனை ஃபோனையும் வைத்துக்கொண்டு அறை அறையாக ஏறி இறங்கி, 112 இணைப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து எண் போட இரண்டு பகலும் ஓர் இரவும் ஆயின. அந்தப் பராமரிப்பு அப்போது வேறொருவர் பொறுப்பில் இருந்தது. அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், படிவத்தில் 'சிஸ்டம் சரியாக உள்ளது' என்று எழுதி, வரவேற்பறையில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கி வருவதை அதற்கு முந்தைய ஆண்டுகளில் நானும் செய்திருக்கிறேன்.

இணைப்பகத்துக்குள் என்னதான் தரவு இருக்கிறது என்று பல நிர்வாகிகள் கேட்கிறார்கள். எந்த எண் எந்த அறைக்கு, யார் எஸ்.டி.டி. பேசலாம், யாருக்கு ஐ.எஸ்.டி. பூட்டு, பகலில் வரும் அழைப்பு வரவேற்பறையில் ஒலிக்க வேண்டுமா, இரவு எட்டு மணிக்குப் பிறகு காவலாளியிடம் போக வேண்டுமா, ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்குத் தாவ வேண்டும் என்பவை எல்லாம் அதில் இருக்கின்றன. பி.ஆர்.ஐ. இணைப்பு வாங்கியிருந்தால், ஒரே நேரத்தில் 30 பேர் பேசக்கூடிய அந்த இணைப்போடு வரும் நேரடி எண்களில் எது எந்த மேசைக்கு என்ற விவரமும் சேர்ந்துகொள்ளும். 'வணக்கம், தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்ற குரல் பதிவும் அங்கேதான் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு மேலாளரும் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகச் சேர்ந்த இந்த விவரங்களைக் கணக்குப் புத்தகத்தைப் போல நிறுவனத்தின் சொத்தாகவே நான் பார்க்கிறேன். கார்டு எரிந்தால் காசு கொடுத்து வேறு கார்டு வாங்கிவிடலாம். இந்த விவரங்களை விற்கும் கடை எதுவும் இல்லை.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் நிலைமை ஒரு வகையில் நன்றாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். 1984-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டின் தொழில்நுட்ப உரிமத்தைப் பெற்று நம் நாட்டு நிறுவனங்கள் தயாரித்த 128 போர்ட் இணைப்பகங்கள் அப்போது பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. நான் கையாண்ட பழைய இணைப்பகங்கள் சிலவற்றில் ஆபரேட்டர் ஃபோனிலிருந்தே எண்களைத் தட்டி நிரல் போட வேண்டும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர், தட்டும் ஒவ்வொரு எண்ணையும் தட்டுவதற்கு முன் லாங் சைஸ் நோட்டில் எழுதிக்கொள்வார். தேதி, யார் கேட்டது, பழைய எண், புதிய எண் என்று நான்கு கட்டங்கள் போட்டிருப்பார். அந்த நோட்டு இணைப்பகத்தின் அருகில் இருக்கக்கூடாது என்று சொல்லி, நிர்வாக அலுவலரின் மேசையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். லேப்டாப் வந்தபின் நோட்டு போய்விட்டது. அந்த நோட்டு செய்த வேலையை லேப்டாப் தானாகச் செய்துவிடும் என்று எல்லோரும் நம்பிவிட்டோம்.

லேப்டாப் அதைத் தானாகச் செய்வதில்லை. பல இணைப்பகங்களில் நாம் செய்யும் மாற்றம் முதலில் இயங்கு நினைவகத்தில்தான் விழுகிறது. நிரந்தர நினைவகத்தில் எழுதும்படி நாம் சொன்னால்தான் அது தங்கும். அவாயா இணைப்பகங்களில் அதற்கு 'சேவ் டிரான்ஸ்லேஷன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. நார்டெல் மெரிடியனில் எல்.டி. 43 என்ற நிரலுக்குள் நுழைந்து இ.டி.டி. என்ற கட்டளையைத் தட்ட வேண்டும். பானசோனிக்கின் டி.டி.ஏ. வரிசையில் எஸ்.டி. அட்டைக்கு எழுதும்படி மென்பொருளில் சொல்ல வேண்டும். இதை மறந்துவிட்டு வந்துவிட்டால், அன்றைக்கு மின்சாரம் போய் பேட்டரியும் கைவிடும்போது காலையில் செய்த வேலை எல்லாம் போய், போன மாதத்து நிலைக்கு இணைப்பகம் திரும்பிவிடும். இந்த முதல் படியைப் பெரும்பாலான டெக்னீஷியன்கள் செய்துவிடுகிறார்கள். பேக்கப் என்று அவர்கள் படிவத்தில் எழுதுவதும் இதைத்தான். ஆனால், அந்த எஸ்.டி. அட்டை இருப்பது அதே சி.பி.யு. கார்டின் மேல்தான். நான் சொன்ன மருத்துவமனையில் கார்டோடு சேர்ந்து அட்டையும் கருகிப்போயிருந்தது. ஆகையால், பெட்டிக்கு வெளியே ஒரு நகல், கட்டடத்துக்கு வெளியே இன்னொரு நகல் என்று இரண்டும் இருந்தாக வேண்டும்.

கட்டடத்துக்கு வெளியே என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டங்கள் பட்ட பாடு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகித் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியும் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகமும் நீரில் நின்றன. தண்ணீர் வடிந்த பிறகு நான் அழைக்கப்பட்ட இடங்களில், தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்த இணைப்பகங்களைத் திறந்தால் கார்டுகளின் மேல் வண்டல் படிந்திருந்தது. ஒரு நிறுவனத்தில் பேக்கப் எடுத்து வைத்திருந்தார்கள். ஆனால், அந்தப் பென் டிரைவ் இணைப்பகத்தின் கீழேயே இருந்த மேசை இழுப்பறைக்குள் இருந்தது. மேசையோடு அதுவும் போயிற்று. ஒரு கல்லூரியில் அலுவலக உதவியாளர் ஒருவர், யாரும் சொல்லாமலேயே, நவம்பரில் எடுத்த பேக்கப் கோப்பைத் தாளாளரின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருந்தார். அதே மாடலில் வேறோர் இணைப்பகம் கொண்டுவந்து, கோப்பை ஏற்றி, மாலைக்குள் எல்லா எண்களும் பழையபடி வேலை செய்தன. முதல் இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

நகல் எடுத்து வைப்பதோடு நின்றுவிடாமல், அதை ஏற்றிப் பார்த்ததுண்டா என்றும் கேட்க வேண்டும். கோப்பு பாதியில் நின்றுபோயிருக்கலாம், மென்பொருள் பதிப்பு மாறியிருக்கலாம், குரல் பதிவுகள் தனிக் கோப்பாக இருப்பது தெரியாமல் அவற்றை எடுக்காமல் விட்டிருக்கலாம். புதிய வகை ஐ.பி. இணைப்பகங்கள் பலவற்றில் உரிமக் கோப்பு அந்தக் குறிப்பிட்ட கார்டின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். கார்டை மாற்றினால் உரிமத்தையும் தயாரிப்பாளரிடம் கேட்டு மாற்றி வாங்க வேண்டும். உரிமச் சான்றிதழின் தாள் எங்கே என்று அப்போது தேடினால் கிடைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையிலோ ஆலை விடுமுறை நாளிலோ, மாற்றுக் கார்டு ஒன்றைப் போட்டு நகலை ஏற்றிக் காட்டும்படி பராமரிப்பவரைக் கேட்பதில் தவறே இல்லை. அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

சர்வரில் ஓடும் மென்பொருள் இணைப்பகத்துக்கு மாறிவிட்டோம், எங்களுக்கு இந்தக் கவலை கிடையாது என்று சிலர் சொல்கிறார்கள். 1999-இல் மார்க் ஸ்பென்சர் உருவாக்கிய ஆஸ்டெரிஸ்க் இன்று நம் ஊர்களிலும் பல அலுவலகங்களில் ஓடுகிறது. நல்ல மென்பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால், அதை ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற நிர்வாக மென்பொருள் வழியாக நடத்துபவர்கள் ஆஸ்டெரிஸ்க் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதைப் பார்க்கிறேன். அமைப்புகளில் பெரும்பகுதி தரவுத்தளத்தில் இருக்கிறது. கோப்புறையை மட்டும் வைத்து அதை மீட்க முடியாது. அதிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்த வேண்டும், அது எழுதும் இடம் அதே சர்வரின் ஹார்டு டிஸ்க்காக இருந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனின் பாஸ்வேர்டும் இருக்கும் என்பதால், அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைப்பது கடைச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். அழைப்புகளின் ஒலிப்பதிவுகளும் நகலில் சேர்ந்திருந்தால், அவை வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட தரவு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கும் நிலையில், அவற்றை யார் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு நிறுவனத்திடம் பதில் இருக்க வேண்டும்.

பாஸ்வேர்டு பற்றி இன்னொன்று. நிரல் போடும் பாஸ்வேர்டு 1234 என்றே இருக்கும் இணைப்பகங்களை நான் இன்றும் பார்க்கிறேன். இரவிலும் தொடர் விடுமுறையிலும் வெளியாட்கள் உள்ளே நுழைந்து வெளிநாட்டு அழைப்புகளைப் பேசித் தள்ளிவிட்டு, மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் தெரிய வந்த நிகழ்வுகள் உண்டு. மறுபுறம், பாஸ்வேர்டை மாற்றிய டெக்னீஷியன் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட, சொந்த இணைப்பகத்துக்குள் நுழைய முடியாமல் நிறுவனம் தவிப்பதும் நடக்கிறது. என் போன்ற தொழில் செய்பவர்களில் சிலர் ஒப்பந்தம் கைமாறிவிடக் கூடாது என்பதற்காகவே பாஸ்வேர்டைத் தர மறுக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இணைப்பகம் யாருடையதோ பாஸ்வேர்டும் அவர்களுடையது. அதை எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, நிர்வாகியின் பெட்டகத்தில் வைக்க வேண்டும்.

இயந்திரப் பராமரிப்பில் தூசி, பல்லி, எறும்பு, எலி ஆகியவை எல்லோரும் அறிந்தவை என்பதால் விரித்து எழுதவில்லை. பேட்டரியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பெரிய இணைப்பகங்கள் 48 வோல்ட்டில் ஓடுபவை. 12 வோல்ட் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்திருப்பார்கள். சார்ஜரில் இருக்கும்போது அளந்தால் 54 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், செத்த பேட்டரியும் அப்படித்தான் காட்டும். மெயின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இணைப்பகத்தை அரை மணி நேரம் பேட்டரியில் ஓடவிட்டு, நான்கையும் தனித்தனியே அளக்க வேண்டும். அதற்குள் 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் ஒரு பேட்டரி மற்ற மூன்றையும் கெடுத்துவிடும். இவ்வகைப் பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவது, அதற்கு மேல் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். காற்றோட்டம் இல்லாத அறையில், எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில், ஐந்தாண்டுப் பேட்டரி ஐந்தாண்டு வராது என்பதை நிர்வாகங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனை அழைப்பது எங்கள் வழக்கம். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்காமல் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

கம்பிகள் வந்து சேரும் எம்.டி.எஃப். பெட்டியில், கட்டடத்துக்கு வெளியே போகும் ஒவ்வொரு ஜோடிக்கும், கம்பிகளைச் செருகும் க்ரோன் மாட்யூலின் மேல், மின்னல் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பிவிடும் ஜி.டி. டியூப் போட வேண்டும். ஒன்றின் விலை ஒரு வேளை டிபனுக்கு மேல் ஆகாது. அந்த மருத்துவமனையின் செவிலியர் விடுதிக்குப் போன பத்து ஜோடிகளிலும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அதே பெட்டியின் கதவில் எந்த ஜோடி எந்த அறைக்கு என்ற அட்டவணையும் இருக்க வேண்டும். இணைப்பகத்தின் பேக்கப் போர்ட்டின் எண்ணைத்தான் சொல்லும், அந்தப் போர்ட் போய்ச் சேரும் அறையை இந்தத் தாள்தான் சொல்லும். ஜோடிகளை இணைக்கும் ஜம்பர் கம்பியை மாற்றும்போதெல்லாம் தாளைத் திருத்தி, கைப்பேசியில் படம் எடுத்துப் பேக்கப் கோப்போடு சேர்த்து வைத்தால் போதும்.

அரசு மருத்துவமனைகள், உள்ளாட்சி அலுவலகங்கள், கல்லூரிகள் ஆகியவை ஆண்டுப் பராமரிப்புக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, உதிரிபாகம் யார் பொறுப்பு, எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. காலாண்டுக்கு ஒருமுறை தரவு நகலை எடுத்து, தேதியும் மென்பொருள் பதிப்பும் எழுதி, நிறுவனத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை அதை ஏற்றிக் காட்ட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை அவற்றோடு சேர்க்குமாறு உரிய துறைகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இதனால் ஒப்பந்தத் தொகை அதிகரிக்காது. என்னைப் போன்றவர்கள் கூடுதலாக அரை மணி நேரம் வேலை செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தயாரிப்பாளர்களை நம்பிக் காத்திருப்பதிலும் பயனில்லை. நார்டெல் நிறுவனம் 2009-இல் திவாலான பிறகும் அதன் இணைப்பகங்கள் பல இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் தரவைக் காத்தவர்கள் அந்தந்த இடத்து ஊழியர்களே.

மழைக்கு முன் வரும் ஆயுத பூஜைக்கு இணைப்பகத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது நம் நிறுவனங்களில் தவறாமல் நடக்கிறது. இந்த ஆண்டு அந்த நாளுக்கு முன்பாகப் பராமரிப்பவரை வரவழைத்து, நகல் எடுக்கச் செய்து, எடுத்த தேதியையும் அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி இணைப்பகக் கதவின் உட்புறம் ஒட்டும்படி நிர்வாகிகளை வேண்டுகிறேன். தாங்கள் வெளியிடும் மழைக்கால முன்னெச்சரிக்கைச் செய்தியிலும் இதற்கு ஒரு வரி இடம் தர வேண்டும்.

இப்படிக்கு,
தொலைபேசி இணைப்பகப் பராமரிப்பாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.